சீட்டு எடுக்குமுன் பங்கு பிரிக்க வேண்டும்

ஒரு நாட்டில் நீதிபதிகள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று யாராவது நம்மைக் கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் பதில் சொல்லிவிடுவோம். வழக்குகளை எண்ணிப் பார்த்து அதற்கேற்றபடி ஆட்களை அமர்த்த வேண்டியதுதானே என்போம். பள்ளியில் பிள்ளைகள் பெருகினால் ஆசிரியர்களைக் கூட்டுகிறோம். மருத்துவமனையில் நோயாளிகள் பெருகினால் மருத்துவர்களைக் கூட்டுகிறோம். நீதிமன்றத்திற்கு மட்டும் வேறு கணக்கு உண்டோ?

உண்டு என்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2024ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நீதிபதிகள் போதாது என்பதை இரு பெரும் கட்சிகளும் ஒப்புக்கொண்டன. எத்தனை பேர் தேவை என்பதிலும் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. அதற்கான மசோதா இரு சபைகளிலும் நிறைவேறிற்று. ஆயினும் அது சட்டமாகவில்லை. தேவையை எல்லோரும் அறிந்திருந்தும் காரியம் ஏன் கைகூடாமற் போயிற்று என்பதை இத்திங்கள் ஆராய்வோம். நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் அந்நாட்டில் வாழ்கிறார்கள். அவர்களுள் சிலர் கூட்டாட்சி நீதிமன்றத்திலேயே குடியுரிமை உறுதிமொழி எடுத்தவர்கள். ஆகவே இச்செய்தி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இரண்டு வகை நீதிமன்றங்கள்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனி நீதிமன்றங்கள் உண்டு. திருட்டு, கொலை, மணமுறிவு, வாடகைத் தகராறு முதலிய பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். இவையன்றி நாடு முழுவதற்குமான கூட்டாட்சி நீதிமன்றங்களும் உள்ளன. நாட்டின் பொதுச் சட்டங்களின்கீழ் எழும் வழக்குகள் இங்கே வருகின்றன. நிறத்தையோ மதத்தையோ காட்டி வேலை மறுக்கப்பட்டவர், ஊனமுற்றோருக்கான உதவித்தொகையை இழந்தவர், சிறையில் கொடுமைப்படுத்தப்பட்டதாக முறையிடுபவர், தம் கண்டுபிடிப்பின் உரிமையைக் காத்துக்கொள்ள விரும்புபவர் ஆகியோர் தட்டும் கதவு இதுதான். குடியேற்ற வழக்குகளை முதலில் விசாரிப்போரையும் நீதிபதிகள் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் அரசின் நீதித்துறை இலாகாவின் கீழ்ப் பணிபுரிவோர். நாம் இங்கே குறிப்பிடும் நீதிபதிகள் வேறு.

இவர்களை ஜனாதிபதி முன்மொழிகிறார்; செனட் சபை இசைவு தருகிறது. நியமனம் பெற்றவர், நன்னடத்தை உள்ளவரை, அதாவது நடைமுறையில் ஆயுள்முழுதும், பதவியில் இருக்கலாம். ஊதியத்தைக் குறைத்து அவரைப் பணியவைக்கவும் இயலாது. நீதிபதி எவருக்கும் அஞ்சாமல் தீர்ப்பளிக்க வேண்டும் என்பதற்காக அந்நாட்டு அரசியல் சட்டம் அமைத்த காவல் இது. ஆனால் எத்தனை நீதிபதிகள் என்பதை அரசியல் சட்டம் கூறவில்லை. அதைக் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றமே அவ்வப்போது சட்டத்தின் வாயிலாக வகுக்க வேண்டும். இன்று ஒரு ஜனாதிபதி அமர்த்தும் நீதிபதி, அவருக்குப் பின் வரும் நான்கைந்து ஜனாதிபதிகளின் காலத்திலும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கலாம். எனவேதான் ஒரு புதிய நாற்காலி போடப்படும்போதெல்லாம், அதில் அமர்பவரை யார் தேர்ந்தெடுப்பார் என்ற கேள்வி உடன் எழுகிறது.

பழைய வரலாறு

இந்தச் சிக்கல் புதியதன்று. 1789ஆம் ஆண்டின் முதல் நீதித்துறைச் சட்டம் உச்ச நீதிமன்றத்திற்கு ஆறு நீதிபதிகளை வகுத்தது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் தோற்றார். பதவியை விட்டு இறங்குமுன், 1801 பிப்ரவரியில், அவருடைய கட்சியினர் ஒரு சட்டம் இயற்றினர். அச்சட்டம் 16 புதிய நீதிபதிப் பதவிகளை உண்டாக்கிற்று. ஆடம்ஸ் அவற்றிற்குத் தம்மைச் சார்ந்தோரை அவசரமாக நியமித்தார். மக்கள் அவர்களை நள்ளிரவு நீதிபதிகள் என்று நகைத்தனர். அடுத்து வந்த தாமஸ் ஜெபர்சனின் கட்சியினர் 1802இல் அச்சட்டத்தையே நீக்கினர். அதனோடு அப்பதவிகளும் ஒழிந்தன. உண்மையில் அந்த 1801ஆம் ஆண்டுச் சட்டத்தில் நல்ல பகுதிகளும் இருந்தன. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கரடுமுரடான பாதைகளில் ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்கும் துன்பத்தை அது நீக்கியிருக்கும். காலமல்லாக் காலத்தில் வந்ததால் நல்லதும் கெட்டதோடு சேர்ந்து அழிந்தது.

1863இல் உச்ச நீதிமன்றப் பதவிகள் பத்தாக உயர்ந்தன. 1866இல், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனோடு பகைகொண்ட காங்கிரஸ், காலியாகும் இடங்களை நிரப்பாமல் ஏழாகக் குறைக்கச் சட்டம் செய்தது. அவர் யாரையும் நியமிக்கக் கூடாது என்பதே அதன் பலன். 1869இல் ஒன்பது என்று வகுத்தனர். அவ்வெண்ணே இன்றும் நிலவுகிறது. 1937இல் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 70 வயதைக் கடந்தும் ஓய்வுபெறாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஒருவராக, ஆறு பேர் வரை உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக நியமிக்க அனுமதி கோரினார். முதியவர்களின் சுமையைக் குறைப்பதாகக் காரணம் கூறப்பட்டது. தம் திட்டங்களைத் தள்ளுபடி செய்துவந்த நீதிமன்றத்தைத் தம் வயப்படுத்துவதே நோக்கம் என்பதை நாடு அறிந்தது. செனட் சபையில் அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்தும், 70க்கு 20 என்ற வாக்குக் கணக்கில் அத்திட்டம் குழுவுக்குத் திருப்பியனுப்பப்பட்டு மடிந்தது.

இவற்றிற்கு மாறான நல்ல உதாரணங்களும் உண்டு. 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், மாவட்ட நீதிமன்றங்களிலும் மேன்முறையீட்டு நீதிமன்றங்களிலும் 152 பதவிகளைக் கூட்டியது. 1984இலும் 1990இலும் 85 பதவிகள் வீதம் கூட்டப்பட்டன. 1990இல் ஜனாதிபதியாக இருந்த மூத்த புஷ் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். காங்கிரசின் இரு சபைகளிலும் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மை. தம் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நியமிக்கப்போகும் பதவிகளை அவர்கள் உண்டாக்கினர். நாட்டின் தேவையை முன்வைத்தால் அரசியல்வாதிகளாலும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

பெருகிய சுமை

1990க்குப் பின், அத்தகைய விரிவான சட்டமின்றி 34 ஆண்டுகள் ஓடின. 1999 முதல் 2002 வரை இயற்றப்பட்ட சட்டங்கள் ஆங்காங்கே சில பதவிகளைச் சேர்த்தன, அவ்வளவே. 1990இல் அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 24.9 கோடி, 2020இல் 33.1 கோடி. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பின்றிக் கிடந்த சிவில் வழக்குகள் 2004இல் 18,000க்குச் சற்று அதிகம். 2024இல் 81,000க்கும் அதிகம்.

கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். சாக்ரமெண்டோ, பிரஸ்னோ ஆகிய நகரங்களில் அதன் நீதிமன்றங்கள் உள்ளன. வடக்கே மாநில எல்லை வரை விரிந்த இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 80 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். பல சிறைச்சாலைகளும் அதில் அடங்கும். 1978இல் அதற்கு வகுக்கப்பட்ட நிலையான நீதிபதிப் பதவிகள் ஆறு. 2024இலும் அதே ஆறுதான்.

சுமை பெருகும்போது யார் முதலில் துன்புறுவர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரை விரைவில் விசாரிக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் ஆணை. 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, 70 நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்று வகுக்கிறது. அது நியாயமே. ஆனால் நீதிபதி ஒருவர்தான்; நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரந்தான். ஆகையால் கிரிமினல் வழக்குகள் முன்னே செல்ல, சிவில் வழக்குகள் பின்னே தள்ளப்படுகின்றன. பணமும் வழக்கறிஞர் படையும் உடைய பெரிய நிறுவனம் ஐந்து ஆண்டுகள் காத்திருக்கும். வேலையிழந்து, வாடகைக்கு வழியின்றி, தனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நிவாரணம் தேடும் தொழிலாளி எத்தனை நாள் காத்திருப்பார்? நியாயம் தன் பக்கம் இருந்தும், கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு சமரசமாகப் போய்விடுவார். அவருடைய வழக்கு தோற்கவில்லை, அவர் களைத்துவிட்டார்.

2024ஆம் ஆண்டு மசோதா

எத்தனை நீதிபதிகள் தேவை என்பதை ஆராய்ந்து காங்கிரசுக்குப் பரிந்துரைக்க, நீதிபதிகளையே உறுப்பினராகக் கொண்ட நீதித்துறை மாநாடு என்னும் அமைப்பு அங்கே உண்டு. அது வழக்குகளை வெறுமனே எண்ணுவதில்லை. சிக்கலான வழக்கிற்கு அதிக மதிப்பும், எளிய வழக்கிற்குக் குறைந்த மதிப்பும் இட்டுக் கூட்டுகிறது. அவ்வாறு கூட்டியதில் நீதிபதி ஒருவருக்கு ஆண்டுக்கு 430க்கு மேல் வருமானால், கூடுதல் பதவி தேவையா என்று ஆராயத் தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டில் இவ்வமைப்பு மாவட்ட நீதிமன்றங்களுக்கு 66 புதிய பதவிகளைப் பரிந்துரைத்தது.

அதனடிப்படையில் இந்தியானா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் டாட் யங், டெலவேர் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிறிஸ் கூன்ஸ் ஆகிய இருவரும் ஒரு மசோதாவைக் கொணர்ந்தனர். 63 நிலையான பதவிகள். மூன்று தற்காலிகப் பதவிகள். தற்காலிகம் என்றால் நீதிபதி சில ஆண்டுகளில் விலக வேண்டும் என்பதன்று. அவரும் ஆயுள்முழுதும் இருப்பார். ஆனால் குறித்த காலத்திற்குப் பின் அம்மாவட்டத்தில் முதலில் காலியாகும் இடம் நிரப்பப்படாது.

மசோதாவின் சிறப்பு அதன் காலவரையறையில் இருந்தது. நிலையான பதவிகள் அனைத்தும் ஒரே நாளில் உண்டாகமாட்டா. 2025 முதல் 2035 வரை, ஈராண்டிற்கொரு தவணையாக ஆறு தவணைகளில் உண்டாகும். அதற்குள் மூன்று ஜனாதிபதிப் பதவிக்காலங்கள் வந்துபோகும். 2024 நவம்பர் 5ஆம் நாள் தேர்தல். அதற்கு மூன்று திங்களுக்கு முன்பே, ஆகஸ்டு முதல் நாளில், செனட் சபை ஒருவரும் மறுப்புரைக்காமல் மசோதாவை நிறைவேற்றியது. முதல் தவணைகளை நியமிக்கப்போவது யார் என்பது அன்று ஒருவருக்கும் தெரியாது. இணக்கத்தின் உயிர்நாடி அந்தத் தெரியாமையிலேயே இருந்தது.

நம் குடும்பங்களில் பாகப்பிரிவினை செய்யும் முறையை எண்ணிப்பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் நிலத்தையும் வீட்டையும் முதலில் பங்குகளாக வகுக்கிறார்கள். அதன் பின்னரே திருவுளச் சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்கிறார்கள். எந்தப் பங்கு தனக்கு விழும் என்று அறியாதபோது அண்ணனும் தம்பியும் கிணற்றையும் வரப்பையும் நியாயமாகவே பிரிப்பார்கள். சீட்டை எடுத்த பிறகு வரப்பைத் திருத்துவோம் என்று ஒருவர் சொன்னால், மற்றவர் சம்மதிப்பாரா?

அமெரிக்காவில் அதுவே நடந்தது. பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. செப்டம்பரில் சபை கூடியும் மசோதா வாக்கெடுப்புக்கு வரவில்லை. நவம்பரில் தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப் வென்றார். அதன் பின், டிசம்பர் 12ஆம் நாள், மசோதா வாக்கெடுப்புக்கு வந்து 236க்கு 173 என்ற கணக்கில் நிறைவேறியது. சீட்டு எடுத்தாயிற்று, இப்போது பங்கு பிரிப்பதா என்று ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்தனர். புதிய ஜனாதிபதியின் காலத்தில் வரும் முதல் இரு தவணைகளில் 22 நிலையான பதவிகள் இருந்தன.

டிசம்பர் 23ஆம் நாள் ஜனாதிபதி ஜோ பைடன் தம் வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தி மசோதாவைத் திருப்பிவிட்டார். பிரதிநிதிகள் சபை அவசரப்பட்டது. பதவிகளை மாவட்டங்களுக்குப் பங்கிட்ட முறை போதிய அளவு ஆராயப்படவில்லை. ஓய்வுநிலையில் இருந்துகொண்டே வழக்குக் கேட்கும் மூத்த நீதிபதிகளின் பணியும், உதவி நீதிபதிகளின் பணியும் கணக்கில் கொள்ளப்பட்டனவா என்பது தெளிவாகவில்லை. இருக்கும் காலியிடங்களையே சில செனட்டர்கள் நிரப்பவிடாமல் வைத்திருந்தனர் என்பன அவர் கூறிய காரணங்கள். வீட்டோவை மீற இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் கிடைத்த ஆதரவு அதற்கு எட்டவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று. 2025இல் மசோதா மீண்டும் காங்கிரசில் அறிமுகப்படுத்தப்பட்டது. ஆனால் முன்பு ஒருமனதாய்க் கூடிய நம்பிக்கையை மசோதாவோடு மீண்டும் அறிமுகப்படுத்த இயலாதன்றோ?

யார் பக்கம் நியாயம்?

நடுநிலையோடு பார்ப்போம். இணக்கம் முறிந்ததற்குத் தேர்தல் முடிவுவரை காத்திருந்தவர்கள் முதற்காரணம் என்று சொல்வதில் தவறில்லை. ஆகஸ்டில் நல்லதாயிருந்த மசோதாவைச் செப்டம்பரில் நிறைவேற்றத் தடையென்ன என்ற கேள்விக்குத் தகுந்த விடை வரவில்லை. மறுபுறம், டிசம்பரில் மறுத்தவர்களுடைய நிலையும் முழு நிறைவு தருவதன்று. ஆராய்ச்சி போதாது என்றால், அவர்களுடைய கட்சி செனட்டர்களும் ஆகஸ்டில் மறுப்பின்றி இசைந்தது எப்படி? முதல் தவணைகள் எதிர்க்கட்சிக்குப் போனாலும், எஞ்சிய பெரும்பகுதி இன்னார்க்கு என்று எவருக்கும் தெரியாததாகவே இருந்தது. பிரஸ்னோவில் காத்திருக்கும் ஒருவருக்கு, தம் வழக்கைக் கேட்கும் நீதிபதியை எந்தக் கட்சி ஜனாதிபதி அமர்த்தினார் என்பதைக் காட்டிலும், வழக்கைக் கேட்க ஒருவர் வந்தாரா என்பதே பெரிது.

அதே வேளையில், யார் நியமிக்கிறார் என்ற கேள்வியை வீண் கேள்வி என்று ஒதுக்கவும் நாம் துணியமாட்டோம். யாத்திராகமத்தில் நாம் வாசிக்கிற ஒரு நிகழ்ச்சி இங்கே பொருந்துகிறது. மோயீசன் காலைமுதல் மாலைவரை தனியொருவராக அமர்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்கிறார். அதைக் கண்ட அவருடைய மாமனார், இவ்வாறு செய்தால் நீயும் தளர்வாய், மக்களும் தளர்வர் என்று எச்சரித்து, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொல்கிறார். எண்ணிக்கையைக் கூட்டு என்பதோடு அவர் நிற்கவில்லை. இறைவனுக்கு அஞ்சுகிறவர்களாகவும், உண்மையுள்ளவர்களாகவும், கைக்கூலியை வெறுப்பவர்களாகவும் பார்த்துத் தெரிந்துகொள் என்கிறார். நீதிபதிகள் போதுமான அளவு இருக்க வேண்டும்; தகுதியுடையவர்களாயும் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அறமாகாது.

நம் நாட்டையும் எண்ணுவோம்

இவ்வளவு சொல்லிவிட்டு, அமெரிக்கரைக் குறைகூறி அமைதியடைவது நமக்குத் தகாது. 1987ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சட்ட ஆணையம் தன் 120ஆம் அறிக்கையில் இரு நாடுகளையும் ஒப்பிட்டுக் காட்டியது. அன்று இந்தியாவில் பத்து லட்சம் மக்களுக்கு நீதிபதிகள் 10.5 பேர், அமெரிக்காவிலோ, மாநில நீதிபதிகளையும் சேர்த்து, 107 பேர். ஐந்தாண்டுகளில் 50 பேராகவும், 2000ஆம் ஆண்டிற்குள் 107 பேராகவும் உயர்த்த வேண்டும் என்று ஆணையம் கூறியது. அந்த இலக்கு ஈடேறவில்லை. நம் உச்ச நீதிமன்றம் 1950இல் தலைமை நீதிபதியையும் சேர்த்து எட்டுப் பேரோடு தொடங்கி, 2019இல் 34 பேராக உயர்ந்தது; ஆனால் எளியோரின் வழக்குகள் தொடங்குவது அங்கேயன்று, தாலுகாக் கச்சேரியிலும் மாவட்ட நீதிமன்றத்திலுமே. புதிய பதவிகளை உண்டாக்குவது ஒன்று. உண்டாக்கிய பதவிகளைக் காலம் தாழ்த்தாமல் நிரப்புவது வேறொன்று. இரண்டிலும் நம் நாடு இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

அன்பு வாசகர்களே, சட்டம் செய்வது நம் கையில் இல்லை. ஆயினும் இந்நிகழ்ச்சி நம் இல்லங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் கற்பிப்பது ஒன்றுண்டு. பொதுவான ஒழுங்குகளை, அவற்றால் யாருக்கு ஆதாயம் என்று தெரியாத வேளையிலேயே வகுத்துவிட வேண்டும். பெற்றோர் நலமாயிருக்கும்போதே, பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் அன்போடு பார்க்கும்போதே, சொத்தைப் பற்றிப் பேசி எழுதிவைத்தல் நன்று. சங்கத் தேர்தலின் விதிகளை வேட்பாளர் யாரென்று தெரியுமுன் முடிவுசெய்தல் நன்று. இன்று வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று நாம் தள்ளிப்போடுவது பெரும்பாலும் சோம்பலால் என்று நினைக்கிறோம். சில வேளைகளில், முடிவு நமக்குச் சாதகமாகத் திரும்பட்டும் என்று உள்ளூரக் காத்திருப்பதும் உண்டு. அந்தக் காத்திருப்புக்கு நாம் விலை கொடுப்பதில்லை. நம்மை நம்பி வாசலில் நிற்கும் வேறொருவர் கொடுக்கிறார்.

உங்கள் வீட்டில் அப்படி முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பியோ, விதவையான சகோதரியோ, கூலி பாக்கி வாங்க வேண்டிய வேலையாளோ இருக்கிறார்களா? இத்திங்களிலேயே அவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசி, செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.